மஞ்சப்பையா, நீலத் தொட்டியா, தூக்குச் சட்டியா? சிங்கப்பூர் வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்க எதில் தொடங்கலாம்

பிளாஸ்டிக்கைக் குறைக்கலாம் என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால், முதலில் நடப்பது ஷாப்பிங்தான். கண்ணாடி ஜாடி ஒரு டஜன், மூங்கில் பல்துலக்கி, படம் அச்சடித்த பருத்திப் பை, சிலிகோன் மூடி என்று பொருள்கள் வந்து இறங்கும். நன்றாக இருக்கிற பழைய பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் ஒரு பெரிய கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புவார்கள். எண்ணத்தில் குறையில்லை. ஆனால் அந்த வாரம் அந்த வீட்டிலிருந்து வெளியேறும் பிளாஸ்டிக் வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

நான்கறை, ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு முன்னால் உண்மையில் இருக்கும் வழிகள் என்னென்ன, எது உழைப்புக்கு ஏற்ற பலன் தரும், எது பெயருக்கு மட்டும் என்று பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய யாருக்கும் நேரமில்லை. அதனால் எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

இங்கே குப்பை போகும் வழி வேறு

பிளாஸ்டிக் பற்றித் தமிழில் நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. சாக்கடை அடைத்துக்கொள்வது, மாட்டின் வயிற்றுக்குள் போவது, குப்பைமேட்டில் கிடந்து புகைவது என்று அங்கே தெருவில் பறக்கும் பைதான் பெரிய தலைவலி. அதற்கு மஞ்சப்பை சரியான மருந்து.

சிங்கப்பூரில் நாம் குப்பைக் குழாயில் போடும் பை தெருவுக்கு வருவதில்லை. லாரி ஏறி எரியாலைக்குப் போகிறது. எரித்த பிறகு கன அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைத் துவாஸிலிருந்து கடல் வழியாகச் செமாக்காவ் தீவுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். 1999இல் செயல்படத் தொடங்கிய அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. அடுத்ததற்கு இடம் தேடக் கடலைத்தான் பார்க்க வேண்டும்.

இதனால் கணக்கு மாறுகிறது. 'மண்ணில் மக்கும்' என்று எழுதியிருக்கும் பையும் இங்கே மண்ணைப் பார்ப்பதில்லை. அதுவும் எரிகிறது. கூடுதல் விலை கொடுத்து அந்தப் பையை வாங்குவதில் சிங்கப்பூர்க்காரருக்கு எந்த லாபமும் இல்லை. நம் ஊரில் ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைவிட, அதை எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்பதே பெரிய கேள்வி. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

பை: துணியா, காகிதமா, அந்த 5 காசுப் பையா?

2023 ஜூலை 3 முதல், ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் பேரங்காடி நிறுவனங்கள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும். லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டார மளிகைக் கடைகளுக்கும் ஈரச் சந்தைக்கும் இந்த விதி இல்லை. அங்கே இன்னும் வெண்டைக்காய்க்கு ஒரு பை, கத்தரிக்காய்க்கு ஒரு பை, இரண்டையும் போட இன்னொரு பை.

துணிப்பைதான் நல்லது என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பருவநிலைக்கு ஏற்படும் பாதிப்பை வைத்துப் பார்த்தால், ஒரே முறை பயன்படுத்தி எறியும் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப் போனால் இரண்டரை வருடம். அந்தப் பிளாஸ்டிக் பையை வீட்டில் குப்பை கட்டவும் பயன்படுத்தினால் பருத்திப் பையின் கணக்கு 327 முறை என்று ஏறிவிடும். பருத்தி விளையக் குடிக்கும் தண்ணீர், உரம், நெசவு, சாயம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சிங்கப்பூர் நிலவரத்தை, அதாவது எல்லாம் எரியாலைக்குப் போகும் நிலையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். துணி போலத் தோன்றும், ஆனால் பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன அந்தக் கெட்டிப் பைதான் முதலிடம். நான்கு முறை பயன்படுத்தினாலே எறியும் பையின் பாதிப்போடு சமமாகிவிடும். அதை 50 முறை பயன்படுத்துவதோடு ஒப்பிட்டால், 50 முறை பயன்படுத்திய பருத்திப் பையும் சரி, எறியும் பிளாஸ்டிக் பையும் சரி, புவி வெப்பமாவதற்குத் தரும் பங்கு 10 மடங்குக்கு மேல். ஒருமுறை பயன்படுத்தி எறியும் காகிதப் பை 80 மடங்குக்கு மேல்! துணிக்கடையில் கயிறு கோத்த பழுப்புக் காகிதப் பை கொடுக்கும்போது நமக்கு வரும் அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை என்று அர்த்தம்.

அதற்காக வீட்டிலிருக்கும் துணிப்பையைத் தூக்கிப் போட வேண்டாம். தயாரிக்கும்போது ஆக வேண்டிய செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. இனி எத்தனை முறை எடுத்துப் போனாலும் லாபமே. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை இல்லாத தமிழ் வீடு எது? அலமாரியில் பத்தாவது கிடக்கும். தேசிய தின அணிவகுப்பில் கொடுத்தது, வங்கியில் கொடுத்தது, சமூக மன்ற நிகழ்ச்சியில் கொடுத்தது என்று பாலிபுரோப்பிலீன் பைகளும் குவிந்திருக்கும். புதிதாக எதையும் வாங்காதீர்கள். இருப்பதில் ஒன்றை மடித்துக் கைப்பையில் வையுங்கள், இன்னொன்றைக் கதவுப் பிடியில் மாட்டுங்கள். பை விஷயத்தில் முடிவு அவ்வளவுதான்.

குப்பை கட்டும் பை கொஞ்சம் சிக்கலானது. குழாயில் போடும் குப்பையைக் கட்டித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் கரப்பான்பூச்சி, நாற்றம், கீழ் வீட்டாரின் புகார். பேரங்காடிப் பையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே கடையில் குப்பைப் பைச் சுருள் ஒன்றை வாங்கினால் என்ன குறைந்தது? ஒன்றும் இல்லை. மாற்றாக, வீட்டுக்கு எப்படியும் வந்து சேரும் பைகளைப் பாருங்கள். 5 கிலோ பொன்னி அரிசிப் பை, ஆட்டா மாவுப் பை, ரொட்டிப் பை, இணையத்தில் வாங்கிய சேலை வந்த உறை. அரிசிப் பை கனமானது, ஒழுகாது, மீன் கழிவுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. இவையும் போதாவிட்டால் 5 காசுப் பையைத் தாராளமாக வாங்கலாம். வாங்கியதில் பொருளும் வருகிறது, பிறகு குப்பையும் போகிறது. இரண்டு முறை பயன்படும் பை அது. பாதி நிரம்பியதுமே கட்டிப் போடும் வழக்கத்தை விட்டால் இன்னும் குறையும். அதற்குச் சமையலறைத் தொட்டி சின்னதாக இருப்பது நல்லது.

தண்ணீர்: யோசிக்கவே வேண்டாம்

இதை நீட்ட வேண்டியதில்லை. இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு வரிகள் கட்டணங்கள் உட்பட 1,000 லிட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. நால்வர் உள்ள குடும்பம் நாளுக்கு 8 லிட்டர் குடித்தாலும் 3 காசுகூட ஆகாது. போத்தல் தண்ணீரில் அந்தக் காசுக்கு ஒரு மிடறு கிடைக்குமா என்பதே சந்தேகம். 2024 ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், ஒரு லிட்டர் போத்தல் தண்ணீரில் சராசரியாக 240,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அவை உடலில் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அதை வைத்துப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. காசுக் கணக்கே போதும்.

வடிகட்டி? ஆறு வாரத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை மாற்றும் பிளாஸ்டிக் உருளை வேண்டாத செலவு. பாட்டி கொதிக்க வைத்துத்தான் குடிப்பார் என்றால் கொதிக்க வையுங்கள், எவர்சில்வர் குடத்தில் ஆற விடுங்கள். அதில் பிளாஸ்டிக் எங்கும் வராது.

பானப் போத்தல்களுக்கு 10 காசு முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 2026 ஏப்ரல் 1 என்ற தேதியை வைத்து அறிவிக்கப்பட்டது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல்களும் உலோகக் கலன்களும் அதில் அடங்கும். குளிர்பானம் வாங்கும் வீட்டுக்கு அது பயனுள்ள திட்டம். குடிதண்ணீரைப் போத்தலில் வாங்க அது ஒரு சாக்கு ஆகாது.

பொட்டலச் சாப்பாடு: இங்கேதான் குவிகிறது

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒரு வாரக் குப்பையைக் கொட்டிப் பார்த்தால் என்ன இருக்கும்? சோற்றுப் பெட்டி, அதன் மூடி, சாம்பார் கட்டிய மெல்லிய பை, சட்னிக்கு இன்னொரு குட்டிப் பை, கரண்டி, முள்கரண்டி, காப்பி கட்டிக் கொடுத்த பை, எல்லாவற்றையும் தூக்கிவந்த சிவப்புப் பை. மளிகைப் பைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். உண்மையான குவியல் உணவங்காடியிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

வாரத்தில் ஐந்து மாலை, இருவருக்கும் பொட்டலம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 10 பெட்டி. பல கடைகளில் பெட்டிக்குத் தனியாக 20, 30 காசு வாங்குகிறார்கள். 30 காசு என்றால் வாரத்துக்கு 3 வெள்ளி, வருடத்துக்கு 156 வெள்ளி. எறிவதற்கென்றே கொடுக்கும் காசு. அதில் ஒரு பகுதிக்கே சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடையில் நல்ல மூன்றடுக்குத் தூக்கு வாங்கலாம்.

பழுப்புக் காகிதத்தில் கட்டித் தந்தால் பரவாயில்லை என்று சிலர் நினைப்பார்கள். அந்தக் காகிதத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். எண்ணெய் ஊறாமலிருக்க ஒரு மெல்லிய படலம். மறுசுழற்சிக்கும் ஆகாது. குப்பையின் கன அளவு மட்டும் பெட்டியைவிடக் குறைவு. புரோட்டாவுக்கும் நாசி லெமாக்குக்கும் வேறு வழியில்லையென்றால் பெட்டியைவிட இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. தட்டைக் கழுவ ஏற்பாடு இருக்கிறது, சாப்பாடும் சூடாக இருக்கும். பிள்ளைகள் வீட்டில் காத்திருந்தால் அது நடக்காது. அப்போது சொந்தப் பாத்திரம்.

எந்தப் பாத்திரம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. தூக்குச் சட்டி அழகாக இருக்கும், ஆனால் ரயிலில் சாய்ந்தால் சாம்பார் ஒழுகும். வீட்டுக்குப் பக்கத்துக் காப்பிக்கடைக்கு நடந்து போக அது சரி. அலுவலகத்திலிருந்து வரும் வழியில் வாங்குபவருக்கு, மூடியில் ரப்பர் வளையம் உள்ள எவர்சில்வர் டப்பா இரண்டு போதும். கண்ணாடிப் பெட்டியைக் காலையிலிருந்து முதுகில் சுமக்க முடியாது. மைக்ரோவேவில் சூடாக்க வேண்டும் என்பவர் வீட்டுக்கு வந்து தட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் மதிய உணவு டப்பாவையும் தாராளமாக எடுத்துப் போகலாம். கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றுவதற்கு மட்டும் அது வேண்டாம்.

கடைக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பது பெரிய தடை. அவரும் அளவு பிசகுமே என்று தயங்கலாம். வரிசை நீண்டிருக்கும் மத்தியான நேரத்தில் நீட்டாமல், மாலை ஏழு மணிக்கு முன்னால் போய், ஆர்டர் சொல்லும்போதே "அண்ணே, இதுல போட்டுடுங்க, சட்னி சின்ன டப்பாவுல" என்று மூடியைத் திறந்து கொடுத்தால் யாரும் மறுப்பது அரிது. சீனக் கடையில் "அங்கிள்" என்று டப்பாவைக் காட்டினாலே புரிந்துகொள்வார். மறுத்தால் விட்டுவிடுங்கள். அவருக்குச் சுத்தம் பற்றிய கவலை இருக்கலாம். டெலிவரியில் வரவழைப்பவருக்கு இந்த வழி இல்லை. கரண்டி வேண்டாம் என்று தெரிவு செய்யலாம், அவ்வளவுதான். செயலியில் வாங்குவதை வாரத்துக்கு ஒருமுறையாவது குறைத்தால் அதுவே பெரிய மாற்றம்.

மளிகையும் மாவும்

பெரிய பையாக வாங்கினால் ஒரு கிலோவுக்கு ஆகும் பிளாஸ்டிக் குறையும். அரிசிக்கு இது சரி. பருப்புக்கும் ரவைக்கும் யோசிக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு மாதத்தில் வண்டு வந்துவிடும். பொதுவாக ஓர் உணவை விளைவித்துக் கொண்டுவர ஆகும் பாதிப்பு, அதைச் சுற்றியிருக்கும் உறையின் பாதிப்பைவிட அதிகம். ஐந்து கிலோ துவரம்பருப்பு வாங்கி ஒரு கிலோவைக் கொட்டுவதைவிட, அரைக் கிலோப் பொட்டலமாக வாங்கித் தீர்ப்பது மேல். கூட்டுக் குடும்பமாக இருந்தால் பெரிய பை வாங்குங்கள். இருவர் மட்டுமே என்றால் வேண்டாம்.

சொந்த டப்பாவில் அளந்து வாங்கும் கடைகள் சிங்கப்பூரில் இருக்கின்றன. கொட்டைகள், ஓட்ஸ், சோப்பு நீர் எல்லாம் கிடைக்கும், விலை கூடுதல். பக்கத்திலேயே இருந்தால் போங்கள். தீவின் அந்தக் கோடியிலிருந்து டாக்சி பிடித்துப் போவதில் அர்த்தமில்லை. நமக்கு அதைவிட வசதியானது தேக்கா. பஃபலோ ரோட்டில் காய் குவியலாகத்தான் கிடக்கிறது. கூடையை நீட்டி "எல்லாத்தையும் ஒண்ணா போடுங்கக்கா, பை வேணாம்" என்று சொன்னால் அக்கா நிறுத்து விலையைக் கூட்டிவிடுவார். பேரங்காடியில் தட்டில் வைத்து உறை சுற்றிய அதே கத்தரிக்காயோடு ஒப்பிட்டால், பெரும்பாலான நாளில் விலையும் குறைவு. கறிவேப்பிலையைச் சின்னப் பொட்டலமாக வாங்கிப் பாதியைக் காயவிடுவதற்கு, நடைபாதை ஓரத்தில் ஒரு தொட்டிச் செடி இருந்தால் எவ்வளவோ மேல்.

இட்லி மாவு என்று வந்தால் வீட்டில் சண்டையே வரும். கடை மாவுக்கு வாரம் ஒரு பை. கிரைண்டர் இருக்கிற வீட்டில் அரைப்பது நல்லது, மாவும் நன்றாக இருக்கும். இல்லாத வீட்டில் அந்தப் பைக்காகவே கிரைண்டர் வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். ஒரு மாவுப் பையின் எடை சில கிராம். கிரைண்டரின் இரும்பும் கல்லும் பிளாஸ்டிக் உறையும் கப்பலில் வந்த கணக்கு அதைவிட எத்தனையோ மடங்கு. அந்தப் பையைக் கழுவிக் குப்பை கட்டப் பயன்படுத்திவிட்டு, நேரத்தை வேறு எதிலாவது செலவிடலாம்.

சமையலறை டப்பாக்களுக்கும் இதே விதி. மஞ்சள் கறை ஏறிய, கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பாவைச் சூடான உணவுக்கு வைக்காதீர்கள். உலர்ந்த மிளகாய்க்கோ தையல் சாமானுக்கோ ஒதுக்குங்கள். உடைந்தால் அதன் இடத்தில் எவர்சில்வர் ஒன்று வாங்கலாம். பெருங்காய வாசனை பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டால் போகாது, எவர்சில்வரில் தங்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதது ஒன்றுதான் அதன் குறை.

நீலத் தொட்டி கடைசியில்தான்

மறுசுழற்சி செய்கிறோமே, போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. 2023இல் சிங்கப்பூரின் பிளாஸ்டிக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது வெறும் 5 விழுக்காடு. மறுசுழற்சிக்கென வைத்திருக்கும் நீலத் தொட்டிகளில் போடப்படுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு உணவு ஒட்டியோ வேறு விதத்திலோ கெட்டுப்போய்த் தேறாமல் போகிறது என்பது தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லும் கணக்கு. பிரியாணி எண்ணெய் படிந்த பெட்டியை ஒருவர் போட்டால், மேல் மாடியில் இன்னொருவர் அடுக்கிக் கொடுத்த காகிதமும் வீணாகும். அதே 2023இல் வீட்டுக்கு ஒன்று என்று நீலப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் கழுவிய ஷாம்பு போத்தல், சோப்பு நீர்க் கலன், பால் போத்தல் போடலாம். ஸ்டைரோஃபோம், சாம்பார் பை, கரண்டி போடக்கூடாது. செய்ய வேண்டிய வேலைதான், சில நிமிடம்தான் ஆகும். ஆனால் மற்ற வழிகளுக்கு அது மாற்றல்ல. தண்ணீர்ப் போத்தலைக் கழுவிப் போடுவதை விட, வாங்காமல் இருப்பது எளிது.

ஆக, எந்த வீட்டுக்கு எது?

போத்தல் தண்ணீர் வாங்கும் வீடு எதுவானாலும் அதை இந்த வாரமே நிறுத்தலாம். வெளியில் வாங்கிச் சாப்பிடும் இளம் தம்பதிக்கும், வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் ரப்பர் மூடி டப்பா இரண்டு. மூன்று வேளையும் வீட்டில் சமைக்கும் குடும்பத்துக்குத் தேக்காவும் கூடையும், குப்பைப் பை எண்ணிக்கையும். பணிப்பெண் இருக்கும் வீட்டில் இதையெல்லாம் முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும். குப்பை கட்டுவதும் சந்தைக்குப் போவதும் அவர்தானே. அம்மாவும் அப்பாவும் கட்டுரை படித்து எந்தப் பயனும் இல்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது, தீபாவளி விருந்து. முப்பது பேர் வருவார்கள், கடையில் தட்டும் குவளையும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். காகிதத் தட்டு படலம் பூசியது, கரும்புச் சக்கைத் தட்டு இங்கே எரியப் போவது, பிளாஸ்டிக் தட்டு தெரிந்ததுதான். வாழை இலை நல்ல வழி, ஆனால் மேசையில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிட முடியாது. பக்கத்து வீட்டிலும் அண்ணி வீட்டிலும் எவர்சில்வர் தட்டு கடன் கேட்டால் இருபதாவது தேறும், மீதிக்கு நம் வீட்டுப் பீங்கான். குவளை மட்டும் பத்தாது, இரண்டு சுற்றாகக் கழுவ வேண்டியிருக்கும். கழுவப்போவது யார் என்பதை விருந்துக்கு முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள்.